அழுகைக்காரிக்குக் கிடைத்த அழாத வேஷம்

அக்கா, தங்கை இரண்டு பேரில் தங்கைக்கு ஸ்டூடியோவில் அழுகைக்காரி என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர் இல்லை, தொழில் பெயர். வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் குரல் கொடுக்கிற இடம் அது. அங்கே ஒரு நடிகைக்கு இரண்டு குரல். அவள் பேசும்போது ஒருத்தி, அழும்போது இன்னொருத்தி. பேசுகிறவள் கத்தி அழுது தொண்டையைக் கெடுத்துக்கொண்டால் மறுநாள் வேலை நின்றுபோகும் என்று யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு, அப்படியே நிலைத்துவிட்டது. அந்த இரண்டாவது ஆள்தான் தங்கை. பத்தொன்பது வருடமாக.

முதலில் அவள் அங்கே போனது அழுவதற்காக இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிற வேலையில் இருந்தாள். "உங்க குரலைக் கேட்டாலே பாதி வியாதி போயிடுதும்மா" என்று யாரோ ஒரு நோயாளி சொன்னதை நம்பி, ஒரு லீவு நாளில் ஸ்டூடியோ வாசலில் போய் நின்றாள். அன்றைக்குப் பார்த்து அழுகிற பெண்ணுக்கு ஜலதோஷம். "எங்க, நீ கொஞ்சம் அழு பார்க்கலாம்" என்றார் டைரக்டர். அழுதாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். அத்தோடு அவள் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

போனைப் பிடித்துக்கொண்டு அழுவது வேறு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவது வேறு, பிள்ளைகள் முழித்துக்கொள்ளாமல் அழுவது வேறு. அவளிடம் எல்லாம் இருந்தது. சவுண்டுக்காரர் ஒவ்வொன்றையும் பதிந்து, எண் போட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்திருந்தார். அவசரம் என்றால் அவளைக் கூப்பிடக்கூட மாட்டார்; எடுத்து ஒட்டிவிடுவார்.

"நேத்து நீ வீட்டுல தூங்கிட்டு இருக்கும்போதே இங்க நாலு பேருக்கு அழுதுட்டே, தெரியுமா?" என்பார்.

"அடுத்து என் தும்மலையும் எடுத்து வெச்சுக்குங்க சார். நான் வீட்டோட இருந்துடறேன்" என்பாள் அவள்.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டின் முன்னறையில் அக்கா துணி திருத்தித் தருகிற கடை வைத்திருந்தாள். பேண்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் நூலளவு பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். "வெளியில தெரியாதே" என்று வாடிக்கையாளரே சொன்னாலும், "எனக்குத் தெரியுமே" என்பாள். அவளுடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர். தங்கைக்கு அத்தான். வீட்டில் டிவி ரிமோட் அவர் கையில் இருந்தது. மற்றதெல்லாம் அக்கா கையில்.

அந்த வருடம் ஒரு டிவி சேனல் பன்னிரண்டு படங்களை ஒரே கட்டாக வாங்கி ஸ்டூடியோவுக்கு அனுப்பியது. எல்லாம் பிரெஞ்சு மொழிப் படங்கள். பாதி பிரான்சில் எடுத்தவை, மீதி அந்த மொழி பேசுகிற வேறு வேறு நாடுகளில் எடுத்தவை. எல்லாவற்றிலும் ஒரு பெண், ஒரு காதல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாரம் ஒன்றாகப் போடுவதாகத் திட்டம். தமிழில் வசனம் எழுத ரிட்டயரான ஒரு பிரெஞ்சு டீச்சர் வந்தார். கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, யார் பேச்சுக்கும் மசியாத அம்மாள்.

முதல் படம் ஒரு நாவலை வைத்து எடுத்தது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில், படகுக்கு டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் வேலை பார்க்கிற ஒருத்தி. வயது நாற்பத்தாறு. கணவன் கெட்டவன் இல்லை, வாய் மட்டும்தான் பேசாது. கவுண்டரில் இருக்கிற குளிர்பெட்டியைப் பழுதுபார்க்க ஒருவன் வருகிறான். அடிக்கடி வருகிறான், குளிர்பெட்டி அத்தனை தடவை கெட்டுப்போகவில்லை என்றாலும். கடைசியில் "என்னோடு வந்துவிடு" என்கிறான்.

டைரக்டர் வழக்கப்படி, தேன்குரல் என்று அங்கே பெயர் வாங்கியிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். பத்து வருடமாகக் கதாநாயகிகளுக்கெல்லாம் அவள்தான் பேச்சு. அவள் இரண்டு வசனம் பேசியதும் டீச்சர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இந்தப் பொம்பளைக்கு மூட்டுவலி வர்ற வயசு. இந்தக் குரல் ஸ்கிப்பிங் ஆடுது."

"டிவிக்கு இளமையா இருந்தாத்தான் டீச்சர் எடுக்கும்."

"அப்போ முகத்தையும் மாத்திடுங்க."

மூலையில், தன் முறைக்காகக் காத்துக்கொண்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள் தங்கை. டீச்சர் அவள் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்றார்.

"அழுகை" என்றாள் தங்கை. அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

"இந்தப் படத்துல அழுகை எங்கயுமே கிடையாதே. அந்தத் தாளைப் பார்த்து ஒரு வரி படிங்க."

படகு ஏறும் இடத்தில் அந்தப் பெண் அவனிடம் சொல்லும் வரி: 'நான் வரல.' அவ்வளவுதான். தங்கை மைக்கின் முன்னால் நின்று, திரையில் அந்த உதடு அசைந்தபோது அதைச் சொன்னாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. ஆஸ்பத்திரி போனில் "டாக்டர் இன்னிக்கு வர மாட்டாருங்க" என்று சொல்வதைப் போல ஒரு சாதாரணம். டீச்சர் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அவளை இன்னொரு தடவை பார்த்தார்.

டைரக்டர் அரைமனதாக ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு: படம் முடிந்ததும் சேனலில் இருந்து ஆள் வந்து பார்ப்பார்கள், அவர்களுக்குப் பிடித்தால் சரி, இல்லாவிட்டால் தேன்குரல் முழுவதையும் திரும்பப் பேசுவாள், அழுகைக்காரி அழுகைக்கே திரும்பிவிட வேண்டும். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு முழுப் பெண் கிடைத்திருந்தாள். அது போனால் இன்னொன்று வரும் என்று அவள் நினைக்கவில்லை. நாற்பத்தொரு வயது ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். வேலை நேரத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைப்பது அந்த வீட்டில் பெரிய விஷயம்.

"பேசறியா? வாயைத் திறந்து? முழுப் படமும்?"

"ஆமாக்கா."

"அழுகையே இல்லாம?"

"இல்லாம."

"அப்போ சம்பந்தமில்லாத ஆளையில்ல கூப்பிட்டிருக்காங்க" என்றார் அத்தான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அக்கா பார்த்த பார்வையில், "சந்தோஷத்துல சொன்னேன்மா" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வெட்டுமேஜை மேல் தங்கையின் லேப்டாப் உட்கார்ந்தது. அக்கா தனக்குத் தெரிந்த வழியில் வேலையைத் தொடங்கினாள். பிரவுன் தாளை நீளமாக வெட்டி மேஜை நெடுக விரித்தாள். அந்தப் பெண் எங்கே வாயைத் திறக்கிறாள், எங்கே மூடுகிறாள், எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், எல்லாவற்றையும் தையல் சாக்பீஸால் தாளில் குறித்தாள். திறந்த வாய்க்குக் கோடு, மூச்சுக்குப் புள்ளி. டீச்சர் எழுதிய தமிழ் வரி, கோட்டைவிட நீளமாக இருந்தால் அக்காவுக்குத் தாங்காது. "இங்க ஒரு வார்த்தை தொங்குது. மடிச்சு அடி" என்பாள்.

ஒவ்வொரு காட்சியையும் இருபது முப்பது தடவை ஓட்டினார்கள். ஒன்றை மட்டுமே பார்த்து என்ன செய்வது என்று மற்றப் படங்களையும் நடு நடுவே பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அக்காவுக்கு அந்தப் பெண்கள் மேல் அபிப்பிராயங்கள் வளர்ந்தன.

"இவளுங்க பேசறதுக்கு சம்பளம் வாங்கல. பேசாம இருக்கறதுக்குத்தான் வாங்கறாளுங்க" என்றாள் ஒரு நாள். "ஜன்னல் பக்கத்துல போய் நின்னா ஒருத்தியும் திரும்ப மாட்டேங்கறாளே."

பன்னிரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று மிகப் பழைய கதை: காதலித்த குற்றத்துக்கு ஒருத்தி இருமி இருமிச் சாகிறாள், பக்கத்தில் ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொன்றில் இளம்பெண் ஒருத்தி சைக்கிளில் போகிறாள், மெத்தையில் படுக்கிறாள், திடீரென்று சிரிக்கிறாள், ஏன் சிரித்தாள் என்று தெரியாமல் ஓர் ஆள் சிகரெட் குடித்துக்கொண்டே வருத்தப்படுகிறான். அக்கா அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இதுல அவ எங்க இருக்கா? அவனோட கண்ணு மட்டும்தான் இருக்கு. காலையும் கழுத்தையும் மாத்தி மாத்திக் காட்டறாங்க. அளவெடுக்க வந்தவ நானே அவ்வளவு நேரம் பார்க்க மாட்டேன்."

இதைத் தங்கை மறுநாள் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க அக்கா சொன்னதை அந்த ஊர்ப் பொம்பளைங்களே சொல்லிச் சண்டை போட்டிருக்காங்க. பெண்ணை ஒரு புதிர் மாதிரி எழுதறதும் எடுக்கறதும் அங்க ரொம்ப நாள் பழக்கம். புதிரைப் போடறவன் ஆம்பளை, விடை தெரியலன்னு அழகா சோகப்படறவனும் ஆம்பளை. அப்புறம்தான் பொம்பளைங்க தாங்களே எழுதவும் கேமராவைப் பிடிக்கவும் நிறைய வந்தாங்க. நம்ம டிக்கெட்காரி அப்படி வந்தவ. நாவலை எழுதினதும் பொம்பளை, படத்தை எடுத்ததும் பொம்பளை. அதான் அவளுக்குன்னு ஒரு வேலை இருக்கு, கவனிச்சீங்களா? மத்தப் படத்துல எல்லாம் காதலிக்கறதே வேலை."

அக்காவுக்கு இது மனதில் நன்றாகப் பதிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு படத்திலும் கதாநாயகி என்ன வேலை பார்க்கிறாள் என்பதைத் தாளின் ஓரத்தில் முதலில் குறித்துக்கொண்டாள். ஐந்து படங்களில் குறிக்க ஒன்றும் இல்லை.

பதிவு ஐந்து நாள் நடந்தது. சுருட்டிய பிரவுன் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கை போனாள். முதல் நாள் சிரித்தவர்கள் இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மற்றவர்கள் பத்து தடவை பேசிப் பொருத்துகிற வசனத்தை அவள் இரண்டாம் தடவையில் பொருத்தினாள். நான்காம் நாள் படகுத்துறைக் காட்சி. பழுதுபார்க்கிறவன் பையோடு நிற்கிறான். டிக்கெட்காரியின் வரிகள் இவை:

"உன்னோட வந்தா நான் உன் பொண்டாட்டி. வீட்டுக்குத் திரும்பிப் போனா அவர் பொண்டாட்டி. கவுண்டருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கேனே, அங்க மட்டும்தான் நான் யாருன்னு யாரும் சொல்றதில்ல. நான் வரல."

பேசி முடித்தாள். பிறகு டைரக்டர் ஸ்பீக்கரில், "சரி, அடுத்தது போகலாம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

சேனலில் இருந்து பார்க்க வருகிற நாளில் தங்கை அக்காவையும் வற்புறுத்திக் கூட்டிப்போனாள். அக்கா கடைக்கதவில் 'மூன்று மணிக்குத் திறக்கப்படும்' என்று எழுதி ஒட்டிவிட்டு, இஸ்திரி போட்ட புடவையோடு வந்தாள். ஸ்டூடியோவின் சின்னத் திரையரங்கில் பன்னிரண்டு நாற்காலி. முன்வரிசையில் சேனல் மேடம், கையில் நோட்டு. பக்கத்தில் டைரக்டர். பின்னால் டீச்சர், சகோதரிகள். கடைசியில், சுவரோடு ஒட்டினாற்போலச் சவுண்டுக்காரர்.

படம் ஓடியது. அக்காவுக்குத் திரையில் கதை தெரியவில்லை. கோடும் புள்ளியும்தான் தெரிந்தன. ஒவ்வொரு வரியும் வந்து உட்காரும்போது தொடையில் ஒரு விரலால் தட்டிக்கொண்டாள். ஒன்றுகூடத் தொங்கவில்லை. தன் கூடப்பிறந்தவளின் குரல், தெரியாத ஊரில், தெரியாத முகத்தில், ஒட்டுப்போட்ட இடமே தெரியாமல் ஒட்டியிருந்தது. அவளுக்கு எழுந்து நின்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

கடைசிக் காட்சி. படகு போய்விட்டது. அவள் வீட்டுக்கு வருகிறாள். சமையலறைத் தொட்டியில் கை கழுவுகிறாள். துண்டில் துடைத்துக்கொண்டே ஜன்னல் அருகே போய், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ஐம்பத்திரண்டு நொடி. அக்கா எண்ணி வைத்திருந்தாள். பேச்சு கிடையாது, அதனால் தாளில் அந்த இடம் வெறுமையாக விட்டிருந்தது.

அங்கே ஓர் அழுகை கேட்டது. மெல்லத் தொடங்கி, விசும்பி, மூச்சை இழுத்து, நன்றாக அழுதது.

தங்கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இது என்னோடது. அந்த மாமியார் சாகற சீரியல்ல அழுதது" என்று காதில் சொன்னாள். அக்காவும் கண்டுகொண்டாள். அந்த வாரம் தங்கை தொண்டை கட்டிக்கொண்டு கிடந்ததும், தான் வெந்நீர் வைத்துக் கொடுத்ததும் நினைவு வந்தது.

விளக்கைப் போட்டார்கள். சேனல் மேடம் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. முக்கியமா கடைசில அந்த அழுகை. அதுவரைக்கும் கல்லு மாதிரி இருக்கா, சட்டுன்னு உடைஞ்சிடறா பாருங்க. அப்படியே உருகிட்டேன். யாரு அழுதது?"

"இவங்கதான் மேடம்" என்று டைரக்டர் பெருமையாகத் தங்கையைக் காட்டினார். "பத்தொன்பது வருஷ சர்வீஸ்."

அக்கா மூச்சை விட்டாள். பிடித்துவிட்டது, பிழைத்தோம். வாயை மூடிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனால் போதும். ஆனால் தங்கை எழுந்து நின்றுவிட்டாள். ஏதோ தவறாகப் போகிறது என்பது அக்காவுக்கு அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"மேடம், அந்த அழுகையை எடுத்துடணும்."

"என்னம்மா?"

"அது நான் வேற ஒருத்திக்காக அழுதது. இவ அழல."

டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் அழுகைதானேம்மா! மேடமே நல்லா இருக்குன்னு சொல்றாங்க!"

"நல்லாத்தான் சார் இருக்கு. அதான் பிரச்னையே."

சவுண்டுக்காரர் பின்னாலிருந்து எழுந்து வந்தார். பாவம், அவருக்குத்தான் எல்லோரையும்விடக் குழப்பம். "நான்தாம்மா போட்டேன். யாரும் சொல்லல. பொம்பளை முதுகைக் காட்டிட்டு ஜன்னல்கிட்ட நின்னா, என் கை தானாப் போய் உன் அழுகையை எடுத்துடும். இத்தனை வருஷமா அப்படித்தானே போடறோம்? அதுவுமில்லாம அந்த இடம் செத்துக் கிடந்துது. படத்தை வித்தவங்க பேச்சையெல்லாம் கழிச்சிட்டு வெறும் பின்னணிச் சத்தத்தை மட்டும்தானே அனுப்பறாங்க? பேச்சோட சேர்ந்து அந்தம்மா மூச்சும் போயிடுச்சு. ஆள் நிக்கறா, மூச்சு இல்ல. பார்த்தா பயமா இருந்துது. அதான்."

"அவ்வளவு நேரம் ஒண்ணுமே இல்லாம விட்டா டிவி கெட்டுப்போச்சுன்னு தட்டுவாங்க" என்றார் சேனல் மேடம்.

டீச்சர் தன் பையைத் திறந்து நாவலை எடுத்தார். "இந்த இடம் புத்தகத்துல முழுசா ஒரு பக்கம். ஜன்னல் வழியா என்னென்ன தெரியுதுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லிட்டு வர்றா. எதிர்வீட்டுக் கம்பி, ஈரத்துணி, ஒரு பூனை, நாளைக்குப் போட்டுக்க வேண்டிய சட்டை. கண்ணீர்ங்கற வார்த்தையே கிடையாது."

"டீச்சர், புத்தகம் படிக்கறவங்க பொறுமைசாலிங்க. நான் ரிமோட் வெச்சிருக்கறவங்களுக்குப் படம் காட்டணும். காதலனை அனுப்பிட்டு ஒரு பொம்பளை அழலேன்னா, கல்நெஞ்சக்காரின்னு நினைச்சுடுவாங்க."

அந்த வார்த்தை அக்காவைச் சுருக்கென்று குத்தியது. பதினோரு வருடத்துக்கு முன்னால், தங்கையின் கணவன் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு போன அன்று, வீடு நிறைய உறவுக்காரர்கள். தங்கை அவன் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போக உடுப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று ஊரெல்லாம் பேசியது. அப்போது அவளைத் தனியே இழுத்து, "எல்லாரும் பார்க்கறாங்கடி, கொஞ்சம் அழுதுடேன்" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, அக்காதான். இத்தனை அளந்து அளந்து செய்கிற தானும், அன்றைக்கு இந்தச் சவுண்டுக்காரரைப் போலத்தான் இருந்திருக்கிறோம் என்று அவளுக்கு இப்போது தோன்றியது.

தங்கை அசையவில்லை. "மேடம், ஒரே ஒரு தடவை. நான் உள்ள போய் நிக்கறேன். இவளுக்கு மூச்சு மட்டும் குடுக்கறேன். பார்த்துட்டு அப்புறமும் அழுகைதான் வேணும்னா அதையே வெச்சுக்குங்க. தேன்குரலைக் கூப்பிட்டாலும் சரி."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு தடவை."

எல்லோரும் பதிவறைக்குப் போனார்கள். அக்கா கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். உள்ளே தங்கை ஹெட்போனை மாட்டிக்கொண்டாள், வளையலைக் கழற்றி ஸ்டூலில் வைத்தாள். திரையில் தண்ணீர் ஓடியது. அந்தப் பெண் கை கழுவினாள். துண்டு. ஜன்னல்.

தங்கை மூச்சு விட்டாள். அவ்வளவுதான் செய்தாள். நடந்து வந்த களைப்புள்ள ஒரு மூச்சு. பிறகு கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு எதையோ பார்த்ததைப் போல மூக்கு வழியாகச் சின்னதாக ஒன்று. நடுவில் ஒரு தடவை மூச்சு உள்ளே போய் அங்கேயே நின்றது. இதோ அழப்போகிறாள் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. நிதானமாக வெளியே விட்டாள், கனமான ஒரு பையைக் கைமாற்றிக்கொண்டவளைப் போல. கடைசி ஏழெட்டு நொடி, தூங்கி எழுந்தவளின் மூச்சு மாதிரி சீராக ஓடியது. முதுகைக் காட்டி நின்ற அந்தப் பெண்ணுக்கு முகம் இருப்பது அக்காவுக்குத் தெரிந்தது.

சவுண்டுக்காரர் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மேடம் நோட்டைத் திறந்தார். பிறகு சட்டென்று அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க சாதாரணமா வீட்டுல டிவி பார்க்கறவங்கதானே? நிஜத்தைச் சொல்லுங்க. தங்கச்சின்னு பார்க்காதீங்க. எது?"

 பொய்யாக அளவு சொல்லி அக்காவுக்குப் பழக்கம் கிடையாது.

"அழுதப்போ, ஐயோ பாவம்னு இருந்துதுங்க. பாவம்னு தோணினதும் எனக்குப் படம் முடிஞ்சுபோச்சு, செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டேன். இப்போ அழாம நின்னப்போ, இவ அடுத்து என்ன செய்யப்போறாளோன்னு பார்த்துட்டே நின்னேன். இன்னும்கூட யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"ரிமோட்டைத் தேடலையா?"

"ரிமோட் எங்க வீட்டுல என் கைக்கு வந்ததே இல்லீங்க. அது என் வீட்டுக்காரருக்கு மூணாவது கை."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டில் ஏதோ எழுதினார். "தண்ணி சொட்டற சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வைங்க, டிவி கெட்டுப்போகலன்னு தெரியட்டும். மூச்சே இருக்கட்டும்." கதவருகே போனவர் நின்றார். "பன்னிரண்டையும் இவங்ககிட்ட குடுத்துட முடியாது. வயசான பொம்பளைங்க வர்ற நாலு படம் இவங்க பேசட்டும். இருமிட்டே சாகறாளே, அந்தப் பழைய கதைக்கு அழுகையும் இவங்கதான். அதுல நல்லா அழணும், சொல்லிட்டேன்."

"அதுல அழறேன் மேடம். அவ அழறவ" என்றாள் தங்கை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். அக்கா என்னென்னவோ சொல்ல நினைத்தாள். டம்ளர் கழுவிக் கவிழ்த்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், தான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். வாயில் வந்தது வேறு. "வளையலை உள்ளேயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"ஐயோ!" என்று தங்கை திரும்பி ஓடினாள். அவள் வருவதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதில், நிற்க மட்டும் இடம் இருந்த நெரிசலில், அக்கா அவள் காதருகே அதைச் சொல்லிவிட்டாள். தங்கை, "அப்பவே உன்மேல கோபம் போயிடுச்சுக்கா. மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான் இருந்துது" என்றாள். கம்பியைப் பிடித்திருந்த அக்காவின் கை மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். இறங்கும் வரை எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஞாயிறு மத்தியானம் படம் வந்தது. திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் வந்த முதல் ஆள் பேங்க்கில் வேலை பார்க்கிற ஓர் அம்மாள், புது பேண்ட்டைக் குட்டையாக்க. அக்கா வாயில் ஆறு குண்டூசியைக் கவ்விக்கொண்டு அவர் கணுக்காலருகே மண்டியிட்டிருந்தாள்.

"நேத்து டிவியில ஒரு படம் பார்த்தீங்களா?" என்றார் அந்த அம்மாள், கண்ணாடியைப் பார்த்தபடி. "டிக்கெட் குடுக்கற ஒரு பொம்பளை. கடைசில ஜன்னல்கிட்ட நிக்கறா பாருங்க, ஒண்ணுமே பேசல, அழவும் இல்ல. எனக்கு ராத்திரி பூரா அதே நினைப்பு. காலைல பாத்திரம் தேய்க்கும்போது நானும் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். எங்க வீட்டுல பயந்துட்டாங்க, என்ன ஆச்சுன்னு. யாரு குரலோ அது, நம்ம வீட்டு ஆள் மாதிரியே இருந்துது."

அக்கா மடிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆறையும் எண்ணிப் பஞ்சுறையில் குத்தினாள்.

"அதுல பேசினது என் தங்கச்சிங்க" என்றாள். "பேசாம நின்னாளே, அதுவும் அவதான்."

"அப்படியா!" அந்த அம்மாள் கீழே குனிந்து அவளைப் பார்த்தார். "கூடப்பிறந்தவங்களா?"

"கூடப்பிறந்தவ. எனக்கு அடுத்தவ."

அந்த அம்மாள் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, "இன்னும் அரை இஞ்ச் ஏத்தலாமா, இல்ல இதுவே சரியா?" என்று கேட்டார்.

"இதுவே சரி. ஆடாம நில்லுங்க" என்றாள் அக்கா.